வளவு சுருங்கச் சுருங்க

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைத் தாண்டித் தெற்கே போனால் கல்லடி, நொச்சிமுனை, நாவற்குடா, மஞ்சந்தொடுவாய், காத்தான்குடி, ஆரையம்பதி என்று ஊர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. மேற்கே வாவி, கிழக்கே கடல், நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். அந்த நிலம் இனி அகலப் போவதில்லை. பெருகும் சனம் முழுக்க அதற்குள்தான் வீடு கட்டியாக வேண்டும். நாவற்குடாவில் “முந்தி இருந்த குருவியெல்லாம் எங்கே போச்சு?” என்று கேட்பவர்கள் மேலே பார்த்துத்தான் கேட்கிறார்கள். விடையின் பெரும்பகுதி அவரவர் அலுமாரியில் இருக்கும் காணி உறுதியில் கிடக்கிறது.

அதைப் பார்க்குமுன் எல்லோர் வாயிலும் முதலில் வரும் பதிலைத் தீர்த்துவிட வேண்டும். கைபேசிக் கோபுரம்தான் குருவியைக் கொன்றது என்பது அந்தப் பதில். 2018இல் வந்த ஷங்கரின் ‘2.0’ படம் அதற்கு ஒரு முகமும் கொடுத்துவிட்டது. இந்தியப் பறவையியலாளர் சாலிம் அலியை நினைவூட்டும் தோற்றத்தில் ஒரு பறவை ஆய்வாளர், கோபுரத்தின் மேல் துயரத்தோடு. படம் பார்த்த பிள்ளைகளுக்கு அதுவே பாடமாகிவிட்டது. ஐரோப்பாவில் சில ஆய்வுகள் கோபுரங்களுக்கு அருகே சிட்டுக்குருவி குறைவாகக் காணப்படுவதைச் சொன்னது உண்மை. ஆனால் கோபுரம் நிற்கும் இடத்தில் கட்டடமும் தாரும் வாகனமும் சேர்ந்தே இருக்கின்றன. எது காரணம் என்று அந்த ஆய்வுகளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2020இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கையும் கோபுரக் கதைக்குத் தக்க சான்று இல்லை என்றே சொன்னது.

காலக்கணக்கும் இடிக்கிறது. லண்டனின் கென்சிங்டன் பூங்காவில் மக்ஸ் நிக்கல்சன் என்ற பறவையியலாளர் 1925இல் சிட்டுக்குருவிகளை எண்ணினார்: 2,603. அதே பூங்காவில் 1948இல் 885, 1975இல் 544, 1995இல் 46, 2000ஆம் ஆண்டில் 8. பிரித்தானியாவில் கைபேசிச் சேவை தொடங்கியதே 1985இல்தான். அதற்கு முன்பே ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது. முதல் சரிவுக்கு அங்கே சொல்லப்படும் காரணம் குதிரை வண்டி மறைந்தது. குதிரையின் தீனிப்பையிலிருந்து சிந்திய தானியமும், சாணத்தில் செமிக்காமல் கிடந்த தானியமும் குருவிக்குச் சாப்பாடாக இருந்தன. மோட்டார் வண்டி எதையும் சிந்துவதில்லை. பிற்காலச் சரிவுக்குக் காரணங்கள் வேறு. 2002இல் அந்நாடு தன் மிகச் சாதாரணப் பறவையைச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது.

எல்லாப் பறவையும் குறைகிறது என்று பொதுவாகப் புலம்புவதும் சரியில்லை. 2023இல் வெளிவந்த இந்திய அறிக்கை 942 இனங்களைப் பார்த்தது. மாடப்புறா, குயில், மயில் போன்றவை பெருகியிருந்தன. பனங்காடை போன்ற சில இனங்கள் மறுமதிப்பீடு தேவைப்படும் அளவுக்குக் குறைந்திருந்தன. சிட்டுக்குருவி நாடளவில் ஏறத்தாழ நிலையாக இருந்தாலும் பெருநகரங்களில் சரிந்திருந்ததை 2020 அறிக்கையே காட்டியிருந்தது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, எந்த வளவில் எந்தக் குருவி போனது, அந்த இடத்துக்கு எது வந்தது என்பதுதான். நாவற்குடாவில் காகமும் மைனாவும் புறாவும் குறைந்ததாக எவரும் முறைப்பாடு சொல்வதில்லை. முறைப்பாடெல்லாம் சிட்டுக்குருவி, புலுனி, தையற்சிட்டு, மாங்குயில், கிளி பற்றியவை. இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அவற்றுக்குப் பொதுவான ஒன்று தெரியும். ஒன்றுக்குப் பற்றை வேண்டும், ஒன்றுக்குச் சருகு வேண்டும், ஒன்றுக்குப் பொந்து வேண்டும், ஒன்றுக்கு ஓட்டு இடுக்கு வேண்டும். பழைய வளவு இவை நான்கையும் கேளாமலே கொடுத்தது.

அந்த வளவு சுருங்கிய கதைதான் காணி உறுதியில் இருக்கிறது. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இந்த வழக்கம் இன்றுவரை உறுதியாக நிற்கிறது. மகளுக்குக் கல்யாணம் பேசத் தொடங்கும்போதே வீட்டுக்கு அத்திவாரம் போட்டிருக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, அக்கரைப்பற்றை மையமாக வைத்து எழுதி 2008இல் வெளியிட்ட நூலில் இந்தச் சீதன வீட்டு முறையை விரிவாக விளக்கியிருக்கிறார். பெண்ணின் கையில் சொத்து இருக்கச் செய்யும் முறை என்ற வகையில் இதற்குப் பெருமை உண்டு. ஆனால் புதிய வீடு எங்கே எழும்பும்? பெரும்பாலும் தாயின் வளவிலேயே, மாமரம் நின்ற மூலையில். ஒரு கணக்குக்கு, அரை ஏக்கர் வளவு என்றால் 80 பேர்ச். மூன்று பெண் பிள்ளைகளுக்குப் பிரித்தால் தலைக்கு 27 பேர்ச்சும் வராது. அவர்களுக்கும் மும்மூன்று மகள்மார் என்றால் பேத்தியின் பங்கு 9 பேர்ச்சுக்கும் கீழே. நகர அபிவிருத்தி அதிகார சபையின் பழைய விதியில் வீட்டுக் காணியின் ஆகக் குறைந்த அளவு 6 பேர்ச், அதாவது 150 சதுர மீற்றர். இரண்டு தலைமுறையில் குடும்பம் அந்த விளிம்புக்கு வந்துவிடுகிறது. பின்புறம் வெற்றிடம் விடவேண்டும் என்று விதி சொல்லும். விடுகிறார்கள்தான், அது சீமெந்துத் தரையாகிவிடுகிறது.

காணி பிரிந்த இடமெல்லாம் எல்லை எழும்புகிறது. முன்பு அந்த எல்லை வேலி. கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால்களை நெருக்கி நட்டு, இடையில் கிடுகோ பனை ஓலையோ வைத்துக் கட்டுவார்கள். இரண்டு மழை கண்டதும் கதியால் துளிர்க்கும். பிறகு கேட்க வேண்டியதில்லை. கொவ்வை ஏறும், முசுட்டை ஏறும், குறிஞ்சா ஏறும், அவற்றின் மேல் சிலந்தி வலை கட்டும். கொவ்வம்பழம் சிவந்தால் கொண்டைக்குருவிக்குத் தெரிந்துவிடும். முள்முருக்கு பூத்தால் மைனாவும் தேன்சிட்டும் காலையிலேயே வந்துவிடும். அதே வேலியில் இடுப்பளவு உயரத்தில் தையற்சிட்டு ஓர் அகன்ற இலையைத் தெரிந்தெடுக்கும். ஆள் கைநீட்டினால் தொட்டுவிடலாம், ஆனால் கண்ணில் படாது. இலையின் விளிம்பு நெடுக அலகால் குத்திக் குத்தித் துளை போடும். சிலந்தி நூலையோ பஞ்சிழையையோ துளைக்குள் செலுத்தி மறுபுறம் இழுக்கும். இழையின் நுனி திரண்டு தடிப்பதால் நழுவாது. இப்படி இலை உருண்டு பையானதும் உள்ளே பஞ்சு மெத்தை. வெளியில் இருந்து பார்த்தால் பூச்சி சுருட்டிய இலை போலத்தான் இருக்கும். உள்ளே மூன்று முட்டை.

மதிலில் இவற்றில் ஒன்றுகூட நடக்காது. வெயிலில் சுடும், மழையில் பாசி பிடிக்கும், அவ்வளவுதான்.

மதில் கட்டியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கிடுகு வேலியை ஆண்டுக்கொரு முறை பிரித்துக் கட்ட வேண்டும். கிடுகு பின்னும் கைகள் அருகின, கூலி ஏறியது, பிள்ளைகள் மத்திய கிழக்குக்குப் போனார்கள். அங்கிருந்து வந்த காசில் முதலில் கூரை, அடுத்தது மதில். போர்க்காலத்தில் வேலிக்குப் பின்னால் தூங்கப் பயந்தவர்களுக்கு மதில் ஒரு நிம்மதி. சீதன வீட்டுக்கு மதிலும் கேற்றும் இருந்தால் பேச்சுக்கால் லேசாகும். இத்தனை நியாயங்களுக்கும் எதிரே தையற்சிட்டின் நியாயம் எடுபடுமா?

வேலிக்கு அடுத்தபடி போனது சருகு. புலுனிகள் ஏழெட்டாகக் கூடி வந்து வளவுச் சருகைக் காலால் கிளறி, ஒன்றையொன்று ஏசிக்கொண்டு பூச்சி பொறுக்கும். புரட்டாசி, ஐப்பசியில் இந்தியாவிலிருந்து வந்திறங்கும் ஆறுமணிக்குருவிக்கும் சருகு மூடிய நிழல்தான் தேவை. ஈர மண்ணில் புழு தேடும் பறவை அது. ஆனால் ‘வடிவான வளவு’ என்றால் மணல் தெரியக் கூட்டியிருக்க வேண்டும் என்பது இங்கே ஊறிய எண்ணம். டெங்கு வந்தபிறகு எண்ணம் கட்டளையாயிற்று. 2017இல் இலங்கை முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடுவீடாக வந்தார், புகை அடித்தார்கள், வளவைத் துப்புரவாக்காதவர்கள் மீது வழக்கும் பாய்ந்தது. சாவு வீடுகளைக் கண்ட ஊரில் அதைக் குற்றம் சொல்ல எவருக்கும் வாய் வராது. ஆனாலும் ஒரு வேறுபாட்டை எவரும் எடுத்துச் சொல்லவில்லை. டெங்கு நுளம்பு முட்டையிடுவது தேங்கிய நீரில்: சிரட்டை, யோகட் கோப்பை, பழைய டயர், அடைபட்ட பீலி. மணலில் உதிர்ந்த மாவிலையில் நீர் தேங்காது. சிரட்டையோடு சேர்த்துச் சருகையும் கூட்டிக் கொளுத்தினோம். பறக்கும் நுளம்போடு மற்றப் பூச்சிகள் மேலும் புகை பட்டது.

குஞ்சுகளுக்கு அது பெரிய அடி. சிட்டுக்குருவி தானியம் தின்னும் பறவை என்று எல்லோருக்கும் தெரியும். அதன் குஞ்சு முதல் நாட்களில் தானியம் தின்னாது என்பது பலருக்குத் தெரியாது. பொரித்த சில நாட்களுக்குத் தாயும் தகப்பனும் செடிப்பேன், புழு, சிறு பூச்சி என்று கொண்டுவந்து ஊட்ட வேண்டும். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் கூடு கூடாகப் பார்த்த ஒரு பல்கலைக்கழக ஆய்வு, பூச்சி போதாத இடங்களில் குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியால் இறந்ததைக் காட்டியது. அரிசி வீசிக் குருவியைக் காப்பாற்றலாம் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அரிசி பெரியவற்றைக் காப்பாற்றும், அடுத்த தலைமுறை அதனால் வளராது.

அரிசிதான் இப்போது யார் வீட்டு முற்றத்தில் சிந்துகிறது? நெல்லை அவித்துப் பாயில் காயப்போட்டு, உரலில் குத்தி, சுளகில் புடைத்த காலத்தில் குறுணலும் உமியும் முற்றத்தில் பறந்தன. வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டில்கள் வழிநெடுக மணி சிந்தின. இன்று களவெட்டியின் வேலையை வெட்டு மெஷின் வயலிலேயே முடிக்கிறது, அரிசி ஆலையிலிருந்து தைத்த பையில் வருகிறது. சந்தையில் வாய் திறந்த சாக்குகள் அடுக்கிய கடைகளில் மட்டும் சிட்டுக்குருவி ஓரளவு பிழைத்துக் கிடக்கிறது. கூரையும் மாறிவிட்டது. ஓட்டு வீட்டின் முகட்டு இடுக்கில் வைக்கோல் துணுக்கு தொங்கினால் குருவி குடியிருப்பது தெரியும். வாய் சிறுத்த முட்டியைத் தாழ்வாரத்தில் கட்டித் தொங்கவிட்டு, குருவி வந்தால் வீட்டுக்கு நல்லது என்று காத்திருந்த வீடுகளும் உண்டு. தட்டையான கொங்கிறீட்டில் இடுக்கு இல்லை, தகரத்தின் கீழ் வெக்கை.

தண்ணீரையும் சொல்லவேண்டும். கிணற்றடியில் குளித்த நீரும் கோப்பை கழுவிய நீரும் ஓடி வாழை மரத்தடியில் தேங்கி நிற்கும். மணல் ஊரில், சித்திரை வெயிலில், குருவிகள் குடித்துக் குளிக்க அதுதான் குளம். உன்னிச்சைக் குளத்து நீர் குழாய் வழியே வீட்டுக்குள் வந்தபின் கிணற்றடி வெறிச்சோடியது. குளியலறை நீர் நேரே மூடிய குழிக்குள் போகிறது. நல்ல நீர் கிடைத்தது நல்லதே.

பொந்துகளின் கதை தனி. கிளியும் பனங்காடையும் மைனாவும் தாங்களாகப் பொந்து குடைவதில்லை. மரங்கொத்தி விட்டுப்போனதையோ, தலை முறிந்து உக்கிய தென்னையையோ நம்பியிருப்பவை. 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கைச் சாய்த்தது. பிறகு போர். பனைகள் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் குற்றிகளாயின, வீதியோரப் பற்றைகளும் வாவிக்கரைக் கண்டல்களும் பாதுகாப்பின் பெயரால் வெட்டப்பட்டன. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் ஏறிய நாள். கரையோரத்தில் பின்னர் சவுக்கு நட்டார்கள். காற்றைத் தடுக்க அது கெட்டிக்கார மரம். ஆனால் பழம் தராது, சருகு கனமாகப் படிந்து கீழே மற்றச் செடியை எழும்பவும் விடாது. இத்தனை அழிவுக்குப் பின்னும் முளைத்து வளர்ந்த தென்னைகள் உண்டு. பட்டுப்போன தென்னையை மட்டும் இன்று எவரும் நிற்க விடுவதில்லை. ஓட்டில் விழுந்துவிடும் என்ற பயம் சூறாவளி கண்ட ஊருக்கு இயல்பு. எனவே மரம் இருக்கிறது, பொந்து இல்லை.

வாவிக்கு அப்பால் வயல்களில் தெளித்த நஞ்சைப் பற்றிப் பேசும்போது இலங்கைக்குச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரு வரலாறு இருக்கிறது. மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகியவற்றை 1995இலும் என்டோசல்பானை 1998இலும் நாடு தடுத்தது. 2008க்கும் 2011க்கும் இடையில் டைமெதோயேட், ஃபென்தியோன், பராகுவாட் ஆகியவை படிப்படியாக நிறுத்தப்பட்டன. நோக்கம் பறவை அல்ல. கிராமங்களில் மருந்து குடித்துச் சாவோரின் தொகையைக் குறைக்கவே இது நடந்தது, அது பெருமளவு குறையவும் செய்தது. ஆனால் அதே மொனோகுரோட்டோபொஸ் 1995–96இல் ஆர்ஜென்டினாவில் வெட்டுக்கிளி தின்ன வந்த பருந்துகளை ஆயிரக்கணக்கில் கொன்றது. ஃபென்தியோன் ஆப்பிரிக்காவில் தானியம் தின்னும் குருவிகளைக் கொல்வதற்கென்றே விமானத்திலிருந்து தெளிக்கப்பட்டது. மனிதனுக்காகப் போட்ட தடை பறவைக்கும் நிழலாயிற்று. அடுத்து வந்த மருந்துகள் சாதுவானவை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது.

இனி, வந்தவர்கள். பொலித்தீன் பையில் கட்டி வீதிமூலையில் வைக்கும் சோற்று மிச்சம், இறைச்சிக் கழிவு, திருப்பெருந்துறையில் ஆண்டுக்கணக்காகக் குவிந்த நகரக் கழிவு எல்லாம் காகத்துக்குத் தினமும் விருந்து. ஆடி அமாவாசைக்கு மட்டும் அழைத்துச் சோறு வைத்த காலம் போய், இன்று அழையாமலே வந்துவிடுகிறது. காகம் பெருகினால் மற்றக் கூடுகளின் முட்டையும் குஞ்சும் போகும். குயில் மட்டும் அதன் கூட்டில் முட்டையிட்டுப் பழி தீர்க்கிறது. நம் பக்கத்து ஊர்க்காகம் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் போய்விட்டது. 2024இல் கென்ய அரசு பத்து லட்சம் காகங்களை ஒழிக்கப்போவதாக அறிவித்ததைப் பார்த்தால், குப்பையும் காகமும் சேர்ந்த கூட்டு எவ்வளவு வலியது என்பது புரியும். கட்டாக்காலிப் பூனைகளும் கணக்கில் வேண்டும். தரையில் இரைபொறுக்கும் குருவிகளுக்கும் பறக்கப் பழகும் குஞ்சுகளுக்கும் அவைதான் யமன்.  

அரசு விலங்குகளைக் கணக்கெடுக்காமல் இல்லை. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி முதல் 8.05 வரை நாடு முழுவதும் சனங்களைத் தங்கள் வளவில் நின்று குரங்கு, மயில், மர அணில் எண்ணச் சொன்னார்கள். பயிருக்குக் கேடு செய்பவற்றின் கணக்கு அது. ஐந்து நிமிடத்தில் அது எவ்வளவு துல்லியமாக அமையும் என்று சிரித்தவர்கள் பலர். ஆனாலும் ஒரு நாட்டையே ஒரே நேரத்தில் வளவுக்குள் இறக்கி எண்ண வைக்க முடியும் என்பதை அது காட்டியது. அதே தாளில் சிட்டுக்குருவிக்கும் புலுனிக்கும் இரண்டு கட்டங்கள் கூட்டியிருந்தால் செலவு ஒன்றும் ஏறியிராது. தொல்லை கொடுப்பவற்றை எண்ணுகிறோம், மறைபவை தொல்லை கொடுப்பதில்லை. பிரித்தானியாவில் 1979 முதல் ஆண்டுதோறும் வீட்டுத்தோட்டப் பறவைகளை எண்ணி வருவதால்தான் அங்கே வாதம் புலம்பலோடு நிற்காமல் எண்ணிக்கையில் நடக்கிறது. 1943இல் தொடங்கிய இலங்கைப் பறவைக் கழகமும், கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1976இல் உருவான களப் பறவையியல் குழுவும் இந்நாட்டில் எண்ணும் பழக்கத்தை வளர்த்தவை. அந்தப் பழக்கம் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்து மாணவர் வழியாக நாவற்குடாப் பாடசாலைகளுக்கு வந்தால் பத்து ஆண்டில் பேசுவதற்கு ஏதாவது இருக்கும்.

மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாளன்று பெட்டி கட்டுவது நல்ல காரியம்தான், ஓட்டையின் அளவு சரியாக இருந்தால். 32 மில்லிமீற்றர் வட்டம் சிட்டுக்குருவிக்குப் போதும். பெரிதாக வெட்டினால் மைனா வந்து குடியேறிவிடும். வெயில் படாத பக்கம், பூனை ஏறாத உயரம். ஆனால் பூச்சி இல்லாத இடத்தில் பெட்டி வெறும் பெட்டி. தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்தில் பொத்தகுடி மக்கள் 2020இல் தெருவிளக்கு ஆளிப்பெட்டிக்குள் கூடு கட்டிய ஒரு குருவிக்காக ஒரு மாதத்துக்கு மேல் தெருவை இருட்டில் வைத்திருந்தார்கள். உலகமே பாராட்டியது. நாவற்குடாவுக்கு அவ்வளவு பெரிய தியாகம் தேவையில்லை.

கோயில் வளவு, பாடசாலை வளவு, மயானம் என்று பிரிக்க முடியாத காணிகள் இங்கே இன்னும் இருக்கின்றன. சீதனம் அவற்றைத் தொடாது. அங்கே ஒரு மூலையைக் கூட்டாமல் விட்டால் புலுனிக்குப் போதும், சரிந்து விழும் ஆபத்தில்லாத இடத்தில் பட்ட பனை ஒன்றை நிற்க விட்டால் கிளிக்குப் போதும். வீடுகளில் மதிலை இடிக்க எவரும் சம்மதிக்க மாட்டார்கள். மதிலின் உட்புறம் ஒரு முழ மண்ணைச் சீமெந்திடாமல் விட்டு, கிளுவைக் கதியால் நடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பச்சைத் தடியை வெட்டிக் குத்தினால் பிடித்துவிடும். அயலில் கேட்டால் காசு வாங்காமல் வெட்டித் தருவார்கள்.